மூன்றாவது பாடமாகச் சங்கீதம்: மலையகத்திலிருந்து உயர்தரம் எடுக்கும் பிள்ளைகளுக்கு ஒரு முழு வழிகாட்டி

ஓ.எல் (சாதாரண தரப் பரீட்சை) பெறுபேறு வந்த மறுவாரம் எங்கள் வீட்டுப் படியில் இரண்டு மூன்று பிள்ளைகளாவது வந்து நிற்பார்கள். கேள்வி எப்போதும் ஒன்றுதான். "டீச்சர், தமிழு சரி, புவியியலு சரி. மூணாவதுக்குச் சங்கீதத்தப் போட்டுக்கிட்டா லேசா ஏ எடுத்துறலாம்னு சொல்றாங்களே, நெசமா?"

யார் சொன்னது என்று விசாரித்தால், சங்கீதம் படிக்காத ஓர் அண்ணனாகத்தான் இருக்கும்.

நானும் மூன்றாவதாகவே சங்கீதத்தை எடுத்தவள். தமிழ், இந்து நாகரிகம், கர்நாடக சங்கீதம். முதல் வருடம் முழுக்க அதை ஊறுகாய் மாதிரித் தொட்டுக்கொண்டேன். இரண்டாம் வருடம் அந்த ஊறுகாய்தான் வயிற்றைக் கலக்கியது. ஹட்டன் பக்கத்துப் பாடசாலை ஒன்றில் இப்போது அதே பாடத்தைப் படிப்பிக்கிறேன். என் கையைச் சுட்ட இடங்களையும் பிள்ளைகள் வழுக்கி விழும் இடங்களையும் வரிசையாகச் சொல்கிறேன்.

முதல் படி: 'மூன்றாவது' என்ற சொல்லை அழித்துவிடுங்கள்

உயர்தரத்தில் பெரிய பாடம், துணைப் பாடம் என்ற பிரிவே கிடையாது. விண்ணப்பத்தில் மூன்றாவது கோட்டில் எழுதுவதால் அது மூன்றாம் தரப் பாடமாகிவிடாது. பல்கலைக்கழக அனுமதிக்குப் பார்க்கும் இசட் புள்ளிக்கு மூன்று பாடங்களின் சராசரியைத்தான் எடுக்கிறார்கள். ஆக, உங்கள் பல்கலைக்கழகக் கனவில் சரியாக மூன்றில் ஒரு பங்கு சங்கீதத்தின் கையில் இருக்கிறது.

அந்த இசட் புள்ளி எப்படி வருகிறது என்பதையும் தெரிந்துகொள்ளுங்கள். உங்கள் புள்ளியிலிருந்து அந்தப் பாடத்துக்குத் தோற்றிய எல்லாருடைய சராசரியைக் கழித்து, நியம விலகலால் (புள்ளிகள் சராசரியைச் சுற்றி எவ்வளவு சிதறியிருக்கின்றன என்ற அளவால்) வகுப்பார்கள். ஒரு பேச்சுக்கு, நீங்கள் 70 எடுத்து, சராசரி 60, நியம விலகல் 10 என்றால் உங்கள் இசட் 1. அதே 70ஐ, சராசரி 50, நியம விலகல் அதே 10 உள்ள வேறொரு பாடத்தில் எடுத்திருந்தால் 2. அப்படியானால் எத்தனை எடுத்தோம் என்பதைவிட, யாரோடு சேர்ந்து எழுதினோம் என்பது பெரிய விஷயம். சங்கீதத்தை யார் எடுக்கிறார்கள் என்று யோசித்துப் பாருங்கள். ஆறு, ஏழு வயதிலேயே ஸ்வரம் பாடத் தொடங்கிய பிள்ளைகள் அதில் நிறையப் பேர். அவர்களோடு ஒரே வரிசையில் நிற்கப்போகிறோம் என்று தெரிந்துகொண்டு எடுத்தால் பயமில்லை. 'லேசான பாடம்' என்று எடுத்தால்தான் ஆபத்து.

அப்படியானால் எடுக்க வேண்டாமா? எடுக்கலாம். ஓ.எல்லில் சங்கீதம் செய்து, சரளி வரிசை, அலங்காரங்கள் என்ற தொடக்கப் பயிற்சிகள் மூன்று காலத்திலும் (மூன்று வேகத்திலும்) தடுமாறாமல் வரும் என்றால் தாராளமாக எடுக்கலாம். ஓ.எல்லில் சித்திரமோ நாடகமோ செய்துவிட்டு, கோயிலில் தேவாரம் நன்றாகப் பாடுவேன் என்ற நம்பிக்கையில் மட்டும் வருகிறவர்களுக்கு என் பதில் கொஞ்சம் கடுமையானது. தேவாரம் பாடும் குரல் பெரிய முதல்தான். ஆனால் ஓ.எல் முடிந்து பெறுபேறு வரும்வரை கிடைக்கிற மாதங்களில் அடிப்படை வரிசைகளை முடித்துவிட்டு வாருங்கள். அந்த மாதங்கள் பிறகு கிடைக்காது.

இரண்டாம் படி: எந்தச் சங்கீதம், யாரிடம்?

நம் பரீட்சையில் சங்கீதம் மூன்று வகை: கர்நாடக சங்கீதம், கீழைத்தேய சங்கீதம், மேலைத்தேய சங்கீதம். தமிழ்ப் பிள்ளைகள் பெரும்பாலும் எடுப்பது முதலாவதை. மலையகத்தில் ஒரு சிக்கல் உண்டு. பக்கத்துச் சிங்களப் பாடசாலையில் அருமையான சங்கீத ஆசிரியர் இருப்பார், நம் பாடசாலையில் அந்த நாற்காலி காலியாக இருக்கும். 'ரெண்டும் ச ரி க ம தானே' என்று அவரிடம் போய்ச் சேர்ந்துவிடுகிறார்கள். குரலுக்கும் காதுக்கும் அது நல்லது, பரீட்சைக்குப் போதாது. கீழைத்தேய சங்கீதம் வட இந்திய முறையைத் தழுவியது. அங்கே பைரவி என்றால் கிட்டத்தட்ட நம் தோடியின் ஸ்வரங்கள். அவர்களுடைய பைரவ் நம் மாயாமாளவகௌளை. அவர்கள் தோடி என்பதற்கும் நம் தோடிக்கும் சம்பந்தமே இல்லை. பெயரை நம்பி விடைத்தாளில் எழுதினால் போச்சு.

பாடசாலையில் சேருமுன் மூன்று விஷயங்களைக் கேளுங்கள். சங்கீதத்துக்கு உயர்தரம் படிப்பிக்கிற ஆசிரியர் இருக்கிறாரா? ஆறாம் வகுப்புப் பிள்ளைகளைப் பாடவைக்கிற ஆசிரியர் உயர்தரத்தையும் ஏற்றுக்கொள்வார் என்று நாமாக முடிவுகட்டக் கூடாது. நேரசூசியில் சங்கீதமும் உங்கள் மற்றப் பாடமும் ஒரே பாடவேளையில் முட்டுகின்றனவா? கலைப்பிரிவுக்கான சுற்றுநிருபத்தின்படி உங்கள் மூன்று பாடங்களும் சேர்ந்து செல்லுபடியாகுமா? இந்தக் கடைசிக் கேள்வியைப் பகுதித் தலைவரிடம் கேட்டு, அவர் வாயால் 'சரி' என்று சொன்ன பிறகு கையெழுத்துப் போடுங்கள். பன்னிரண்டாம் வகுப்பில் ஆறு மாதம் போன பிறகு பாடம் மாறிய பிள்ளைகளை நான் பார்த்திருக்கிறேன். அந்த ஆறு மாதம் அவர்களைக் கடைசிவரை துரத்தியது.

ஆசிரியரே இல்லை என்றால்? வேறு பாடசாலைக்கு மாறுவது ஒரு வழி. ஹட்டன், தலவாக்கலை, நுவரெலியா, பண்டாரவளை, பதுளை, கண்டி என்று நகரத்துப் பாடசாலைகளில் விசாரியுங்கள். மற்ற வழி, உங்கள் பாடசாலையிலேயே பதிந்து, வெளியில் ஒரு குருவிடம் படிப்பது. இதற்கு அதிபரின் சம்மதம் வேண்டும். வெளியில் படிக்கிறேன் என்று பாடசாலைக்கு வராமல் இருந்துவிடாதீர்கள். பாடசாலைப் பரீட்சார்த்தியாகத் தோற்ற 80 வீத வரவு கேட்பார்கள்.

நான் இந்த இரண்டாம் வழியில்தான் போனேன். சனிக்கிழமை காலை ரயில். டீச்சர் வீட்டில் இரண்டு மணி நேரம். திரும்பி வரும் ரயில் பிந்தினால் ஸ்டேஷன் பெஞ்சிலேயே கொப்பியைத் திறந்து ஸ்வரம் எழுதிப் பார்ப்பேன். ரயில் பிந்தியதால் நான் படித்த பாடங்கள் நிறைய.

தேசிய கல்வி நிறுவகம் வெளியிட்ட பாடத்திட்டத்தையும் ஆசிரியர் வழிகாட்டியையும் அதன் இணையத்தளத்திலிருந்தே இறக்கிக்கொள்ளலாம். முதல் வாரமே செய்யுங்கள். வெளியில் படிக்கிறவர்களுக்கு இது இன்னும் முக்கியம். குருவுக்குத் தன் குரு சொல்லித்தந்த வரிசை இருக்கும். பரீட்சைக்கு வேறொரு வரிசை இருக்கும். இரண்டையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்து, எந்த ராகம் விடுபட்டது என்று நீங்கள்தான் பார்க்க வேண்டும். "சேர், இந்த ராகம் லிஸ்ட்ல இருக்கு, நாம இன்னும் தொடல" என்று பணிவாகச் சொன்னால் எந்தக் குருவும் கோபிக்க மாட்டார்.

மூன்றாம் படி: உங்கள் சுருதியைக் கண்டுபிடியுங்கள்

சுருதி என்பது உங்கள் குரலுக்கு ஸட்ஜம், அதாவது 'ச', நிற்கும் உயரம். இந்தப் படியைத் தாண்டி ஓடுகிறவர்கள்தான் அதிகம். நானும் ஓடினேன்.

எங்கள் டீச்சர் ஆறு கட்டையில் பாடுவார். அவர் வீட்டுச் சுருதிப்பெட்டி எப்போதும் ஆறிலேயே நிற்கும். நாங்கள் ஐந்து பிள்ளைகளும் அதற்கே தொண்டையைப் பழக்கிக்கொண்டோம். செயன்முறைப் பரீட்சை அன்று காலை நல்ல பனி. வர்ணத்தின் சரணத்தில் மேல் ஸ்தாயிக்கு ஏறும்போது காந்தாரத்தில் என் குரல் கீறிக்கொண்டு நின்றுவிட்டது. மூச்சு வாங்கி மறுபடி பிடித்தேன். அதற்குள் முகத்தில் வியர்வை. பிறகு வேறொரு டீச்சர் என்னை உட்காரவைத்துப் பார்த்தபோது என் சுருதி ஐந்து என்றார். இரண்டு வருடமும் மற்றவர் செருப்பில் நடந்திருக்கிறேன்.

கட்டை என்பது கீபோர்டின் வெள்ளைக்கட்டை எண்ணிக்கைதான். 'சி' ஒன்று, 'டி' இரண்டு, 'ஈ' மூன்று, 'எஃப்' நான்கு, 'ஜி' ஐந்து, 'ஏ' ஆறு. இடையில் உள்ள கறுப்பு, அரைக் கட்டை. பெண்பிள்ளைகளுக்குப் பொதுவாக ஐந்துக்கும் ஆறுக்கும் இடையில், ஆண்பிள்ளைகளுக்கு ஒன்றுக்கும் இரண்டுக்கும் இடையில் அமையும். பொதுவாக என்றுதான் சொன்னேன். உங்கள் தொண்டை உங்களுடையது.

போனில் தம்புரா செயலி ஒன்றை இறக்குங்கள். இலவசமாகவே கிடைக்கும். பெண்பிள்ளை என்றால் ஐந்தரையில் வைத்து, முதலில் நடு ஸட்ஜத்தைப் பிடித்து நில்லுங்கள். அங்கிருந்து கீழே இறங்கி மந்தர ஸ்தாயிப் பஞ்சமத்தைப் பாடுங்கள். ஸ்வரம் கேட்காமல் வெறும் காற்று வந்தால் சுருதி உங்களுக்குத் தாழ்வு, அரைக் கட்டை ஏற்றுங்கள். பிறகு மேலே ஏறி, தார ஸ்தாயியில் காந்தாரம், மத்திமம், முடிந்தால் பஞ்சமம். கழுத்து நரம்பு புடைத்து, தாடை தானாக மேலே தூக்கினால் சுருதி உயர்வு, அரைக் கட்டை இறக்குங்கள். கண்ணாடி முன் நின்று செய்தால் கழுத்து பொய் சொல்லாது. இதை ஒரே நாளில் முடிவுசெய்ய வேண்டாம். ஒரு வாரம், காலையிலும் மாலையிலும் பார்த்துக் குறித்துக்கொள்ளுங்கள். நம் ஊர்க் குளிரில் காலைக் குரலும் மாலைக் குரலும் ஒன்றல்ல. காலையில் எது வசதியோ அதையே எடுங்கள், பரீட்சைக்குக் காலையிலும் கூப்பிடலாம்.

பன்னிரண்டாம் வகுப்புக்கு வரும்போது பெரும்பாலான ஆண்பிள்ளைகளுக்குக் குரல் உடைந்து அமர்ந்திருக்கும். இன்னும் அமராதவர்கள் வெட்கப்பட்டுக் கத்தாதீர்கள். தாழ்ந்த சுருதியில் மெதுவாகப் பாடிக்கொண்டே இருங்கள், ஆறு மாதம் கழித்து மறுபடி பாருங்கள்.

நான்காம் படி: பாட ஓர் இடம், ஒரு நேரம்

தோட்டத்து லயத்தில், அந்த வரிசை வீடுகளில் வளர்ந்தவர்களுக்கு நான் சொல்லவே தேவையில்லை. பத்துக்குப் பன்னிரண்டு அடிக் காம்பிரா, நடுவில் மெல்லிய சுவர், அந்தப் பக்கம் பெரியம்மா வீட்டுத் தொலைக்காட்சி. ஒரு வீட்டில் இருமினால் மூன்றாம் வீட்டில் 'சுடுதண்ணி குடி' என்பார்கள். அங்கே உட்கார்ந்து சரளி வரிசையை முப்பது தடவை பாடினால் என்ன நடக்கும்? "இந்தப் புள்ள ஒரே பாட்டத்தான் பாடுது, வேற தெரியாதா?" என்று என் காதுபடவே கேட்டார்கள்.

வெட்கத்தை விட்டால் பாதி வேலை முடிந்தது. மீதிக்குச் சில வழிகள் உண்டு. அம்மா பெரட்டுக்கு (தோட்ட வேலைக்குக் காலையில் ஆள் கணக்கெடுக்கும் இடத்துக்கு) போக எழும்பும் நேரத்தில் நீங்களும் எழும்புங்கள், அந்த நேரம் எல்லா வீட்டிலும் சத்தம்தான். அந்த அரைமணியில் மந்தர ஸ்தாயியும், 'ஆ' என்று மட்டும் பாடும் அகாரமும் போதும், குளிரில் எடுத்த எடுப்பில் மேலே ஏறாதீர்கள். பின்னேரம் கோயில் மண்டபம் கிடைத்தால் அதைவிட நல்ல இடம் இல்லை. சீமெந்துத் தரையும் தகரக் கூரையும் உங்கள் பிழையை உங்களுக்கே திருப்பி அனுப்பும். பூசாரி ஐயாவிடம் சொல்லிவைத்தால் வெள்ளிக்கிழமைப் பூசையில் ஒரு பாட்டுப் பாடவும் சொல்வார். ஆட்களுக்கு முன் பாடிப் பழக அதுவே முதல் மேடை.

ஒரு நாளைக்கு ஒரு மணி நேரம் போதும் என்பது என் கணக்கு, ஆனால் ஒரு நாளும் விடக் கூடாது. ஞாயிற்றுக்கிழமை ஐந்து மணி நேரம் பாடி மற்ற நாளெல்லாம் சும்மா இருந்தால் தொண்டைதான் புண்ணாகும். வாரத்துக்கு ஒரு தடவை போனில் பதிந்து கேளுங்கள். முதல் தடவை கேட்கும்போது போனைத் தேயிலைக்குள் வீசத் தோன்றும். பரவாயில்லை, எல்லாருக்கும் தோன்றியதுதான்.

ஐந்தாம் படி: தாளத்தைக் கையில் ஏற்றுங்கள்

இந்த விஷயத்தில் மலையகப் பிள்ளைகளுக்குப் பிறவியிலேயே ஒரு கொடுப்பினை உண்டு. மாசியில் காமன்கூத்துக்குக் கம்பம் ஊன்றிய நாளிலிருந்து தப்பு என்ற பறையின் சத்தத்திலேயே தூங்கி எழும்பியவர்கள் நாம். காலப்பிரமாணம், அதாவது வேகம் மாறாமல் போவது, என்பதை யாரும் நமக்குப் புத்தகத்தில் விளக்க வேண்டியதில்லை. ஆனால் தப்பு அடிக்குத் தானாகத் தலையாட்டுகிற பிள்ளை, ஆதி தாளத்தில் விரல் எண்ணும்போது தடுமாறும். காதில் இருப்பது கைக்கு இறங்கவில்லை, அவ்வளவுதான்.

ஆதி தாளம் எட்டு அட்சரம் (எண்ணிக்கை): ஒரு லகு நான்கு, இரண்டு திருதம் இரண்டு இரண்டு. தட்டி, சுண்டுவிரலிலிருந்து மூன்று விரல் எண்ணி, தட்டி வீசி, தட்டி வீசி. பாடாமல் தாளம் மட்டும் போட்டுக்கொண்டு பக்கத்து வீட்டுக்காரரோடு பேசிப் பாருங்கள். பேச்சுக்குத் தாளம் நிற்காமல் போனால் கைக்கு இறங்கிவிட்டது என்று அர்த்தம். பிறகு ஏழு அலங்காரங்கள்: துருவம் 14, மட்டியம் 10, ரூபகம் 6, ஜம்பை 10, திரிபுடை 7, அட 14, ஏகம் 4. மட்டியமும் ஜம்பையும் இரண்டும் பத்துத்தான், ஆனால் உடைப்பு வேறு. மட்டியம் 4, 2, 4. ஜம்பை 7, 1, 2. துருவ தாளத்துக்கும் அட தாளத்துக்கும் இதே கதை: ஒன்று 4, 2, 4, 4, மற்றது 5, 5, 2, 2. இந்த இரண்டு சோடியையும் கேட்டுக் குழப்பாத வினாத்தாள் அபூர்வம்.

ஆறாம் படி: 72 மேளம், தமிழ் எழுத்து வைக்கும் பொறி

கோட்பாட்டுப் பகுதியில் பிள்ளைகள் அதிகம் பயப்படுவது மேளம் என்ற தாய் ராகங்கள் 72க்கும்தான். கணக்கைப் பிடித்துக்கொண்டால் மனப்பாடம் தேவையே இல்லை.

ஸட்ஜமும் பஞ்சமமும் அசையாதவை. ரிஷப காந்தாரச் சேர்க்கை ஆறு, தைவத நிஷாதச் சேர்க்கை ஆறு, மத்திமம் இரண்டு. ஆறை ஆறால் பெருக்கி இரண்டால் பெருக்கினால் 72. முதல் 36 சுத்த மத்திமம், அடுத்த 36 பிரதி மத்திமம். ஸ்வரத்தின் பக்கத்து எண் அதன் வகையைக் குறிக்கும். ரிஷப காந்தார வரிசை இதுதான்: ரி1 க1, ரி1 க2, ரி1 க3, ரி2 க2, ரி2 க3, ரி3 க3. தைவத நிஷாதமும் அச்சாக இதே வரிசை.

இனி 15ஆம் மேளம் மாயாமாளவகௌளையை எடுங்கள். ஒன்றைக் கழித்தால் 14. ஆறால் வகுத்தால் ஈவு 2, மீதி 2. இரண்டோடும் ஒன்று கூட்டுங்கள்: மூன்றாவது சக்கரம் (ஆறு மேளம் கொண்ட தொகுதி), அதற்குள் மூன்றாவது மேளம். ஆகவே ரி1 க3, த1 நி3. விரலில் எண்ணியே சொல்லிவிடலாம். 36க்கு மேற்பட்ட எண் வந்தால் முதலில் 36ஐக் கழித்துவிட்டு இதையே செய்யுங்கள். சக்கர எண்ணோடு மட்டும் ஆறைக் கூட்ட வேண்டும்.

எண்ணிலிருந்து ஸ்வரம் வந்தது. பெயரிலிருந்து எண்ணைக் கண்டுபிடிக்க, எழுத்துக்கு எண் கொடுக்கும் கடபயாதி முறை. பெயரின் முதல் இரண்டு எழுத்துக்கு எண் பார்த்துத் திருப்பிப் போட வேண்டும். மா 5, யா 1, திருப்பினால் 15. அழகாக இருக்கிறதா? இப்போது நாடகப்ரியாவையும் நடபைரவியையும் பாருங்கள். இரண்டிலும் முதல் எழுத்து ந, இரண்டாவது ட. தமிழில் பார்த்தால் இரண்டுக்கும் ஒரே எண் வர வேண்டும். ஆனால் நாடகப்ரியா 10, நடபைரவி 20!

நான் மாணவியாக இருந்தபோது இதில் முழு இரவு முட்டிக்கொண்டு, புத்தகத்தில் அச்சுப்பிழை என்று முடிவுசெய்து தூங்கப்போனேன். விஷயம் இதுதான்: கடபயாதி வடமொழி எழுத்துக்கு அமைத்த முறை. நம் ஒரு 'ட'வுக்கு அங்கே நான்கு ஒலிகள். நாடகப்ரியாவில் வருவது முதல் 'ட', மதிப்பு 1. நடபைரவியில் வருவது இரண்டாம் 'ட', மதிப்பு 2. பழைய தமிழ் இசைப் புத்தகங்களில் எழுத்தின் தலையில் 2, 3, 4 என்று பொடி எண் போட்டிருப்பார்கள், பார்த்திருப்பீர்கள். உச்சரிப்புக்காகப் போட்ட அந்த எண்தான் இங்கே சாவி. க, ட, ப மூன்று வரிசையிலும் அந்தப் பொடி எண்ணே கடபயாதி மதிப்பு. த வரிசைக்கும் ச வரிசைக்கும் மட்டும் அதோடு ஐந்தைக் கூட்டுங்கள். தீரசங்கராபரணத்தின் 'தீ' நான்காவது த. நான்கோடு ஐந்து ஒன்பது. ர என்றால் 2. திருப்பினால் 29, சங்கராபரணம் வந்து நிற்கிறது. கரஹரப்ரியாவின் 'க' இரண்டாவது க. 2, ர 2, ஆக 22. இடையின எழுத்துகளில் ய 1, ர 2, ல 3, வ 4. ஹ 8, ம 5, ந 0. இவ்வளவு போதும், மேளப் பட்டியலைச் சுவரில் ஒட்டிவைத்து ஒவ்வொன்றாகச் சரிபார்த்துக்கொண்டே போங்கள்.

ராக லட்சணம் எழுதும்போது கதை எழுதாதீர்கள். எந்த மேளத்தின் ஜன்யம் (பிறந்த ராகம்), ஏறும் இறங்கும் வரிசையான ஆரோகண அவரோகணம், என்னென்ன ஸ்வர ஸ்தானங்கள், என்ன வகை, ஜீவ ஸ்வரம், சிறப்புப் பிரயோகம், ஒரு சிறிய சஞ்சாரம். இந்த ஒழுங்கில் போங்கள். ராகங்களைத் தனித்தனியாகப் படிக்காமல் சோடியாகப் படித்தால் நிற்கும். மோகனத்தில் தைவதம் இருக்கும் இடத்தில் நிஷாதத்தை வைத்தால் ஹம்சத்வனி. மோகனத்தில் ஏறிச் சங்கராபரணத்தில் இறங்கினால் பிலஹரி. எழுதும்போது வாய்க்குள் முணுமுணுத்துக்கொள்ளுங்கள். பரீட்சை மண்டபத்தில் உதடு அசைவதற்கு யாரும் புள்ளி குறைக்க மாட்டார்கள்.

வரலாற்றுப் பகுதியைப் பற்றிச் சுருக்கமாகச் சொல்கிறேன், அது படித்தால் வருவது. மும்மூர்த்திகள் மூவரும் திருவாரூரில் பிறந்தவர்கள்: சியாமா சாஸ்திரி 1762, தியாகராஜர் 1767, முத்துசுவாமி தீட்சிதர் 1775. தமிழ் மூவர் என்று முத்துத்தாண்டவர், அருணாசலக் கவிராயர், மாரிமுத்தாப்பிள்ளை. இரண்டு மூவரையும் மாற்றி எழுதுகிறவர்கள் வருடாவருடம் உண்டு. நம் நாட்டவரான சுவாமி விபுலாநந்தரின் யாழ் நூல் 1947இல் வெளிவந்தது. பண், யாழ் பற்றிய கேள்விக்கு அவரை மறந்துவிடாதீர்கள்.

ஏழாம் படி: உருப்படிகள்

கீதம், ஸ்வரஜதி, வர்ணம், கீர்த்தனை என்று ஏறும் வரிசையில் வர்ணத்துக்கு அதிக நாள் கொடுங்கள். பல்லவி, அனுபல்லவி, முக்தாயி ஸ்வரம், சரணம், எத்துக்கடை ஸ்வரங்கள். எல்லாம் இரண்டு காலத்தில். வர்ணம் நேராக வந்தவர்களுக்குக் கீர்த்தனை தானாக வரும்.

தெலுங்கு, வடமொழி உருப்படிகளைத் தமிழில் எழுதும்போது அந்தப் பொடி எண்ணை விடாமல் போடுங்கள். பொருளைக் குருவிடம் கேட்டுப் பக்கத்தில் ஒரு வரி எழுதிவையுங்கள். பொருள் தெரியாமல் பாடுகிறவர்கள் சொல்லின் நடுவில் மூச்சு வாங்குவார்கள், கேட்பவருக்கு உடனே தெரிந்துவிடும்.

வட இலங்கை சங்கீத சபையின் தரப் பரீட்சைகளையும் கூடவே எழுதலாமா என்று கேட்பார்கள். எழுதுங்கள். அது உயர்தரத்துக்கு மாற்று இல்லை. ஆனால் முன்பின் தெரியாத ஒரு நடுவருக்கு முன் உட்கார்ந்து பாடும் நடுக்கம் அதில் பழகிப்போகும்.

எட்டாம் படி: செயன்முறை நாள்

பரீட்சைக்கு முந்திய வாரத்திலிருந்தே இரவு வெளிக்காற்றில் நிற்காதீர்கள், விளையாட்டுப் போட்டியில் கத்தாதீர்கள். தடிமன் பிடித்தால் பாடுவதை நிறுத்தி, ஸ்வரத்தை மனதுக்குள் ஓட்டுங்கள். அன்று காலை இஞ்சி போட்ட பிளேன்டீ சூடாகக் கொஞ்சம், ஐஸ் தண்ணீர் எதுவும் வேண்டாம். பஸ்ஸில் போகிறவர்கள் ஜன்னலை மூடிக் கழுத்தில் ஒரு துணி சுற்றிக்கொள்ளுங்கள். மண்டபத்துக்கு ஒரு மணி நேரம் முன்னதாகப் போய், மூலையில் நின்று வாய் மூடிய ஹம்மிங்கில் தொண்டையைச் சூடாக்குங்கள்.

வாத்தியம் எடுத்தவர்களுக்கு இன்னொரு எச்சரிக்கை. மூடுபனி தோலுக்குள் இறங்கினால் மிருதங்கத்தின் சுருதி இறங்கிவிடும். தப்புக்காரர்கள் ஏன் அடிக்குமுன் தீயில் காய்ச்சுகிறார்கள்? அதே காரணம்தான். மிருதங்கத்தைத் தீயில் காட்ட முடியாது. கம்பளியில் சுற்றிக்கொண்டு போங்கள், ஓரத்தைத் தட்டிச் சுருதி சேர்க்கக் கல்லும் கட்டையும் பையில் இருக்கட்டும், இடந்தலைக்கு ரவையை வீட்டிலிருந்தே எடுத்துப் போங்கள். வயலின்காரர்கள் ஒரு சோடித் தந்தி கூடுதலாக வைத்திருங்கள்.

உள்ளே போனதும் பாடத் தொடங்கிவிடாதீர்கள். சுருதியைப் போட்டு, ஸட்ஜ பஞ்சமத்தைப் பாடி, ஒரு மூச்சு. பிழைத்தால் நின்று மன்னிப்புக் கேட்க வேண்டாம், தாளத்தை விடாமல் அடுத்த ஆவர்த்தனத்தில் (தாளச் சுற்றில்) சேர்ந்துகொள்ளுங்கள். என் காந்தாரம் கீறிய அன்று என்னைக் கரை சேர்த்தது, நிற்காமல் போய்க்கொண்டிருந்த கைதான்.

ஒன்பதாம் படி: பெறுபேறு வந்த பிறகு

சங்கீதத்தையே பட்டமாகப் படிக்க விரும்பினால், தமிழ்ப் பிள்ளைகள் முதலில் பார்ப்பது யாழ்ப்பாணப் பல்கலைக்கழகத்தின் சேர் பொன்னம்பலம் இராமநாதன் ஆற்றுகை, காண்பியக் கலைகள் பீடத்தையும், கிழக்குப் பல்கலைக்கழகத்தின் கீழ் மட்டக்களப்பில் இயங்கும் சுவாமி விபுலாநந்த அழகியற் கற்கைகள் நிறுவகத்தையும். இசட் புள்ளி மட்டும் போதாது, உளச்சார்புப் பரீட்சையும் உண்டு. பல்கலைக்கழக மானியங்கள் ஆணைக்குழுவின் கைந்நூலை அந்த வருடத்துப் பதிப்பாகப் பாருங்கள். அக்கா வைத்திருக்கும் பழைய கைந்நூல் வேண்டாம். உளச்சார்புப் பரீட்சை அறிவித்தல் வரும்போது பயிற்சியை விட்டு மாதக்கணக்காகியிருக்கும். ஏ.எல் முடிந்த மறுநாள் கொப்பியைத் தங்கச்சிக்குக் கொடுத்துவிட்டு ஓய்ந்துபோகிறவர்கள் இங்கேதான் கோட்டை விடுகிறார்கள்.

ஆசிரியராக வேண்டும் என்றால் தேசிய கல்வியியற் கல்லூரி: இரண்டு வருடம் விடுதியில் தங்கிப் படிப்பு, ஒரு வருடம் பாடசாலையில் கட்டுறு பயிற்சி. பத்தனையில் ஸ்ரீபாத கல்லூரி இருக்கிறதே, வீட்டுக்குப் பக்கம் என்று எண்ணிவிடாதீர்கள். எந்தக் கல்லூரியில் சங்கீதப் பாடநெறி தமிழ்மூலம் நடக்கிறது என்று வர்த்தமானி அறிவித்தலைப் பார்த்தே விண்ணப்பியுங்கள்.

யாழ்ப்பாணத்துக்கோ மட்டக்களப்புக்கோ போவதென்றால் வீட்டில் ஒரு பேச்சு எழும். "பாட்டுப் படிக்கவா அவ்வளவு தூரம்?" என்று எங்கள் வீட்டிலும் ஒரு மாமா கேட்டார். அம்மா பதில் சொல்லவில்லை. அடுத்த வெள்ளிக்கிழமை அவரைக் கோயிலுக்குக் கூட்டிப்போய் முன்வரிசையில் உட்காரவைத்தார். பூசை முடிந்து வெளியே வந்த மாமா, செருப்பைத் தேடிக்கொண்டே, விடுதிக்கு மாதம் எவ்வளவு ஆகும் என்று கேட்டார்.